இல்ல ஆய்வும் உள்ள ஆய்வும்

(மகாவீர் ஜெயந்தி விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சீவக சிந்தாமணியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைக் கேட்டனர். நானும் மகிழ்ந்து இசைந்தேன். ஆயினும் குறிப்பெடுக்க அமர்ந்தபோது என் மனம் கந்துக்கடன் வீட்டு வாசலைத் தாண்டி நகர மறுத்தது. ஆதலால் காப்பியத்தில் தொடங்கி, என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி, மீண்டும் காப்பியத்துக்கு வருகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

கதை நீங்கள் அறிந்ததே. கட்டியங்காரனின் சூழ்ச்சியால் மன்னன் சச்சந்தன் மாண்டான். மயிற்பொறியில் தப்பிய விசயை சுடுகாட்டில் ஓர் ஆண்மகவை ஈன்றாள். அதே இரவில், இறந்த தன் குழந்தையை அடக்கம் செய்ய வந்த வணிகன் கந்துக்கடன் அம்மகவைக் கண்டான். கையில் எடுத்தபோது குழந்தை தும்மியது. ‘சீவ’ என்றொரு வாழ்த்தொலி எழுந்தது. சீவகன் என்னும் பெயர் வந்த வரலாறு அது. கந்துக்கடன் அக்குழந்தையைத் தன் மனைவி சுநந்தையின் கையில் கொடுத்தான். அவளும் தன் பிள்ளையாகவே வளர்த்தாள்.

33 ஆண்டுகள் வகுப்பறையில் இக்கதையைச் சொன்னவள் நான். கந்துக்கடனின் ஈரநெஞ்சை வியந்திருக்கிறேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த அந்த வீடு இன்னொரு பிள்ளையை ஏற்க ஆயத்தமாக இருந்ததா என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது என் மகளின் இல்லத்தில் நடந்த ‘ஹோம் ஸ்டடி’. தமிழில் இல்ல ஆய்வு என்று சொல்லலாம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் ஒவ்வொரு குடும்பமும் கடந்தாக வேண்டிய வாசல் அது.

என் மகளும் மருமகனும் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழ்கின்றனர். இருவரும் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள். மணமாகி 11 ஆண்டுகள் கடந்திருந்தன. மூன்று முறை கருவுற்றும் ஒன்றும் தங்கவில்லை. இதை இந்த மேடையில் சொல்லலாமா என்று மகளிடம் கேட்ட பிறகே வந்திருக்கிறேன். “சொல்லுங்கள் அம்மா. யாரும் எதுவும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு மிகுந்த துன்பமாக இருந்தது” என்றாள்.

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவரும் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடிவு செய்தனர். பணி ஓய்வுக்குப் பின் அங்கேயே வாழும் உரிமை பெற்று நானும் அவர்களோடு இருந்தேன். செய்தியைக் கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது வாழ்த்து அன்று. “நம் உறவில் யாராவது ஒரு பிள்ளையைக் கொடுக்க மாட்டார்களா?” என்றே கேட்டேன்.

என் கேள்விக்குப் பின்னால் நம் பழைய வழக்கம் நின்றது. நம் ஊர்களில் சுவீகாரம் புதியதன்று. பிள்ளையில்லாத பெரியப்பாவுக்குத் தம்பி மகனைக் கொடுப்பர், பத்திரம் எழுதுவர், உறவினரை அழைத்து விருந்திடுவர். நிலமும் வீடும் குடும்பத்துக்குள்ளேயே நிற்கும். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் சமணர்களாகிய நமக்கும் பொருந்தும் என்பதைப் பலர் அறிவீர்கள். அவ்வழக்கத்தைக் குறை கூற நான் வரவில்லை. நன்றாக வளர்ந்த பிள்ளைகள் பலர் உண்டு. ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி, ‘இந்தக் குடும்பத்துக்கு ஒரு பிள்ளை வேண்டுமே’ என்பது. இல்ல ஆய்வு கேட்கும் கேள்வி, ‘இந்தப் பிள்ளைக்கு எப்படிப்பட்ட குடும்பம் வேண்டும்’ என்பது. இந்த வேறுபாடு எனக்கு விளங்க இரண்டரை ஆண்டுகள் ஆயின.

ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஏழை நாடுகளிலிருந்து குழந்தைகள் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டதில் முறைகேடுகள் மலிந்திருந்த காலம் ஒன்று உண்டு. லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்குரைஞர் இதுபற்றி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற நம் உச்ச நீதிமன்றம் 1984-இல் ஒரு தீர்ப்பை வழங்கியது. நீதியரசர் பகவதி எழுதிய அத்தீர்ப்பு, குழந்தையை ஏற்க விரும்பும் அயல்நாட்டுக் குடும்பத்தை அந்நாட்டின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று நேரில் ஆய்ந்து அறிக்கை தரவேண்டும் என்று நெறி வகுத்தது. பின்னர் 1993-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா அதை 2003-இல் ஏற்றது. அமெரிக்காவில் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் குழந்தைக்குத் தன் நாட்டிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே அயல்நாடு என்பது அவ்வுடன்படிக்கையின் அடிப்படை. குழந்தையை ஏற்கும் நாடு, ‘இவர்கள் தகுதியுடையவர்கள், பொருத்தமானவர்கள்’ என்று உறுதி கூறவேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்த உறுதிமொழிக்கு ஆதாரமாக நிற்பதே இல்ல ஆய்வு அறிக்கை.

முதலில் தாள்கள். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, வருமான வரிக் கணக்கு, வேலைச் சான்று, மருத்துவச் சான்று, குடும்பத்தை நன்கறிந்தவர்கள் எழுதும் கடிதங்கள். இவை எல்லாம் அவர்கள் பாடு என்று நான் இருந்தேன். ஒருநாள் மகள், “அம்மா, உங்கள் கைரேகையும் வேண்டுமாம்” என்றாள். அவ்வீட்டில் வாழும் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஆய்வுக்கு உட்பட்டவரே. 18 வயதுக்குப் பின் எந்தெந்த நாட்டில் வாழ்ந்தோமோ அங்கெல்லாம் குழந்தைக்குத் தீங்கிழைத்த வரலாறு உண்டா என்று பார்ப்பர். நான் இந்தியத் தூதரகத்தின் வழியாகக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று பெற வேண்டியிருந்தது.

உள்ளபடியே சொல்கிறேன், எனக்குச் சினம் வந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவளைக் காவல் நிலையத்தில் விசாரிப்பதா? குடிவரவுத் துறை அலுவலகத்தில் என் ரேகைகள் முதல்நாள் பதியவே இல்லை. வயதானவர்களுக்கு ரேகை மங்குவது இயல்பு என்றார் அங்கிருந்தவர். சுண்ணக்கட்டி பிடித்துத் தேய்ந்த விரல்கள் என்று நான் தமிழில் முணுமுணுத்தேன். இன்னொரு நாளும் போக வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில் மருமகன் மெதுவாகச் சொன்னார்: “அத்தை, அவர்கள் உங்களைச் சந்தேகிக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு உங்களைத் தெரியாதல்லவா? அதன் சார்பில் யாராவது கேட்கத்தானே வேண்டும்?” அதற்கு மேல் நான் முணுமுணுக்கவில்லை.

சமூகப் பணியாளர் அம்மையார் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன நாள் நெருங்கியது. மூன்று நாள் வீட்டைத் துடைத்தேன். சமையலறைப் பாத்திரங்களைப் பளபளக்கத் தேய்த்து அடுக்கினேன். முறுக்கும் சுழியனும் செய்தேன். பெண் பார்க்க வருவோரை எதிர்கொள்வது போன்ற பரபரப்பு. வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க எளிய பெண்மணி. பளபளத்த பாத்திரங்களை அவர் பார்க்கவே இல்லை. புகை எழுந்தால் ஒலிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். மாடிச் சன்னல்களைத் திறந்து மூடினார். தீப்பற்றினால் குழந்தையோடு எந்த வழியாக வெளியேறுவீர்கள் என்று கேட்டார். வீட்டில் துப்பாக்கி உண்டா என்று கேட்டார். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் வீட்டில் துப்பாக்கியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மருமகன் சிரிக்காமல் “இல்லை” என்றார்.

பின் என் அறைக்கு வந்தார். கட்டிலருகே சிறு மேசையில் என் இரத்த அழுத்த மாத்திரைப் பெட்டி இருந்தது. மூன்று வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரம். அடுத்து, அருகப் பெருமான் திருவுருவின் முன் நான் ஏற்றியிருந்த விளக்கு. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், திறந்த சுடர். “இது அழகாக இருக்கிறது. இது எரியும்போது அறையில் யார் இருப்பார்கள்?” என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. பல நாள் ஏற்றிவிட்டுச் சமையலுக்குப் போய்விடுவேன். அன்று மாலையே மருமகன் சுவரில் உயரமாக ஒரு தட்டு அமைத்தார். மாத்திரைக்குப் பூட்டுள்ள பெட்டி வாங்கினார். வீட்டில் குழந்தைக்கு ஆபத்தாக இருந்தவை இரண்டும் என் அறையில் இருந்தவையே!

அடுத்த சந்திப்புகளில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசினார். நான் பேசும்போது மகள் உடனிருக்கக் கூடாது. குடும்பத்தார் மொழிபெயர்க்கவும் கூடாது. ஆதலால் தொலைபேசி வழியே ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தனர். அவர் ஈழத் தமிழர். அந்த இனிய தமிழைக் கேட்டதும் பாதி அச்சம் நீங்கியது.

என் இளமை பற்றிக் கேட்டார். என் தந்தை எப்படிக் கண்டித்தார் என்று கேட்டார். பின்னர், “நீங்கள் ஆசிரியராக இருந்தபோது மாணவர்களை அடித்ததுண்டா?” என்று கேட்டார்.

அன்பர்களே, என் மேசையில் பிரம்பு இருந்தது. இந்த அவையில் என் மாணவியர் இருக்கின்றனர், அவர்கள் சாட்சி. “ஆம், அடித்திருக்கிறேன். அக்காலத்தில் அது வழக்கம்” என்றேன். “யாரையாவது அடித்தது நினைவில் நிற்கிறதா?” என்றார். நின்றது. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஒரு சிறுவனை உள்ளங்கையில் அடித்தேன். அவன் அழவில்லை, கையை நீட்டியபடியே நின்றான். அவன் தாய் முந்தைய வாரம் இறந்துவிட்டாள் என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. எந்தப் பள்ளி ஆய்வாளரிடமும் சொல்லாததை, முகமறியா ஒருவர் மொழிபெயர்க்க, அயல்நாட்டுப் பெண்மணி ஒருவரிடம் சொன்னேன். அவர் எதுவும் தீர்ப்புக் கூறவில்லை. “வரப்போகும் குழந்தை முன்பே அடி வாங்கியிருக்கலாம். இந்த வீட்டில் யாரும் அதன்மேல் கை ஓங்கக் கூடாது. அதற்கு நீங்களும் கையொப்பமிட வேண்டும்” என்றார். இட்டேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நம் பள்ளிகளிலும் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. சட்டம் வந்தபோது மேசையிலிருந்து பிரம்பை எடுத்துவிட்டேன். அதைப் பற்றி வருந்தியது அன்றுதான்.

நம் உணவு முறையைப் பற்றியும் கேட்டார். இந்தியாவில் குழந்தைகள் இல்லத்தில் முட்டை உண்டு பழகிய குழந்தையாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நீங்கள் கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை என்கிறீர்களே, இரவில் அது பசித்து அழுதால்? அவ்வூரில் மார்கழியில் மாலை 4.30 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். இவ்வினாவுக்கு என் மகள் விடை சொல்வாள் என்று காத்திருந்தார்கள் போலும், நானே சொன்னேன். நோன்பு என்பது அறிந்து, விரும்பி ஏற்பது. பசித்த குழந்தைக்கு எந்நேரமும் பால் கொடுப்போம். எங்கள் வீட்டில் புலால் சமைப்பதில்லை. ஆனால் முன்பு உண்டதற்காக அக்குழந்தையை ஒரு சொல்லும் சொல்ல மாட்டோம். இந்த ஒரு விடையில் மட்டும் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இருக்கவில்லை.

இனி நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டியவை இரண்டு.

மூன்றாவது கரு கலைந்தபின் என் மகள் மனச்சோர்வுற்று எட்டு மாதம் மருத்துவம் பார்த்துக்கொண்டாள். உடல்நலம் மட்டுமன்றி மனநலத்தின் வரலாற்றையும் படிவத்தில் எழுத வேண்டும். நான், “அதை எழுதாதே. எப்போதோ தீர்ந்த நோய். யாருக்குத் தெரியப்போகிறது? எழுதினால் குழந்தை கிடைக்காது” என்றேன். தாயின் அச்சம் அப்படிப் பேச வைத்தது. மகள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “அம்மா, நாளை அந்தக் குழந்தையும் ஒருநாள் மனம் உடைந்து அழும். அப்போது மருத்துவரிடம் போகலாம் வா என்று நான் எப்படிக் கூப்பிடுவேன்?” என்றாள்.

எழுதினாள். மருத்துவரின் கடிதத்தையும் இணைத்தாள். அம்மையார் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. எப்போது உதவி தேடினாய், யாரிடம் சொன்னாய், இப்போது சோர்வு வந்தால் என்ன செய்வாய் என்று நெடுநேரம் கேட்டார். துயரம் வந்தபோது உதவியை நாடத் தெரிந்தவர் என்றே அறிக்கையில் எழுதினார். அமெரிக்க விதிப்படி, மறைத்தால் அந்த மறைப்பே விண்ணப்பத்தைத் தள்ளப் போதுமான காரணம் ஆகிவிடும் என்று பின்னர்தான் அறிந்தேன். என் சொல்லைக் கேட்டிருந்தால் என் மகளின் கதவை நானே அடைத்திருப்பேன்.

இரண்டாவது, கடைசிச் சந்திப்பில் என்னிடம் கேட்ட கேள்வி. “குழந்தை வளர்ந்து, நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்டால், பாட்டியாகிய நீங்கள் என்ன சொல்வீர்கள்?”

“ஒன்றும் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் பிறந்தவள் என்றே சொல்வோம். உறவினர்க்கும் தெரிய வேண்டா. தெரிந்தால் அவள் மனம் புண்படும்” என்றேன்.

அன்பினால் சொன்னேன் என்றே அன்று நம்பினேன். மகளும் மருமகனும் தத்தம் தனிப்பேச்சில், தொடக்கத்திலிருந்தே உண்மையைச் சொல்லி வளர்ப்போம் என்று கூறியிருந்தனர். அறிக்கையின் படியை மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். பாட்டி அன்பானவர் என்று இருந்தது. உடல்நலம் உடையவர் என்று இருந்தது. தத்தெடுத்ததைக் குழந்தையிடம் மறைக்க வேண்டும் என்று கருதுகிறார், இதுபற்றிக் குடும்பத்தினர் மேலும் பேசவேண்டும் என்றும் இருந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதியவள் நான். என் விடையின் அருகே ஒருவர் எழுதிய குறிப்பை அன்று கேட்டேன்.

அறிக்கை அமெரிக்கக் குடிவரவுத் துறைக்குச் சென்றது, ஒப்புதல் வந்தது. பின் இந்தியாவின் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமாகிய ‘காரா’வின் கேரிங்ஸ் இணையத்தளத்தில் பதிவாயிற்று. பிறகு காத்திருப்பு. அமெரிக்க ஒப்புதலின் ஆயுள் 15 மாதம். அதற்குள் குழந்தை அமையாவிட்டால் நீட்டிப்புக் கேட்க வேண்டும். அதற்கு இல்ல ஆய்வும் புதுப்பிக்கப்பட வேண்டும். நாங்கள் அந்நிலைக்கு வந்தோம். மீண்டும் சான்றுகள், மீண்டும் அம்மையார், மீண்டும் அதே கேள்விகள்.

அந்த இடைக்காலத்தை நான் வீணாக்கவில்லை. இத்தகைய தத்தெடுப்பில் பெற்றோர் குறைந்தது 10 மணிநேரப் பயிற்சி பெறவேண்டும். மகளும் மருமகனும் கணினியின்முன் அமர்ந்தபோது நானும் பின்னால் அமர்ந்து, விளங்காததை மகளிடம் கேட்டுக் கேட்டு அறிந்தேன். இல்லத்தில் வளர்ந்த குழந்தை உணவை ஒளித்து வைக்கலாம். யாரிடமும் எளிதில் போய்விடலாம், அல்லது யாரிடமும் ஒட்டாமலிருக்கலாம். மகிழ்ச்சியான வீட்டுக்கு வந்தபின்னும் இழந்ததை எண்ணி அழலாம். பிறரிடமிருந்து எதிர்பாராமல் உண்மையைக் கேட்கும் பிள்ளை, அதுவரை கேட்ட அன்பு மொழிகளையும் ஐயுறத் தொடங்கும் என்றார் பயிற்றுநர்.

அன்றிரவு எனக்கு அச்சணந்தியின் நினைவு வந்தது. சீவகனின் பிறப்பு வரலாற்றை அவனுக்கு எடுத்துரைத்தவர் யார்? அவனுக்குக் கலைகள் அனைத்தையும் கற்பித்த ஆசிரியர் அச்சணந்தி. கல்வியின் நிறைவில் ஆசிரியர் மாணவனுக்குத் தந்த கொடை அவ்வுண்மை. அதை அறிந்ததால் சீவகன் கந்துக்கடனுக்குப் பிள்ளையாக இல்லாமல் போய்விடவில்லை. சுநந்தை தாயாக இல்லாமல் போய்விடவில்லை. இத்தனை ஆண்டுகள் இப்பகுதியைப் பாடம் சொன்ன நானோ, என் வீட்டுக் குழந்தைக்கு உண்மையை மறைக்கச் சொன்னேன். ஆசிரியையாக நின்று படித்ததைப் பாட்டியாக நின்று படிக்கவில்லை.

புதுப்பிக்கும் ஆய்வில் அதே கேள்வி வந்தது. “முன்பு வேறு சொன்னேன். இப்போது, உண்மையைச் சொல்வேன். கதையாகவே சொல்வேன். எங்கள் இலக்கியத்தில் அப்படியொரு கதை உண்டு” என்றேன். அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டு, “அந்தக் கதையைச் சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். ஈழத் தமிழர் ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்க்க, திருத்தக்க தேவரின் சீவகன் நியூ ஜெர்சியில் ஒரு சமையலறை மேசையருகே தும்மினான்.

குழந்தை அமைந்தாள். தமிழ் அறியாத வேறொரு மாநிலத்தைச் சேர்ந்தவள், மூன்றரை வயது. இந்தியாவில் இப்போது தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். 2021-இல் திருத்தப்பட்ட சட்டம் 2022 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஆணை பெற்று, உடன்படிக்கையின்படி நடந்தது என்னும் சான்று பெற்று, கடவுச்சீட்டும் விசாவும் பெற்று என் பேத்தி வீடு வந்தாள்.

வந்த நான்காம் நாள், படுக்கையை உதறினேன். தலையணையின் கீழ் இரண்டு சப்பாத்தி, காய்ந்து மடிந்து இருந்தன. அவள் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்தாள். பயிற்சி பெறாத பழைய நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். “சீ, எறும்பு வரும்” என்று அதட்டியிருப்பேன். அன்று ஒரு மூடியுள்ள டப்பாவைக் கொண்டுவந்து, இரண்டு புதுச் சப்பாத்தியை வைத்து, அவள் கட்டிலருகே வைத்தேன். என் மாத்திரைப் பெட்டி இருந்த அதே மேசை. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சைகையால் சொன்னேன். ஏறத்தாழ ஐந்து மாதம் ஒவ்வோர் இரவும் அந்த டப்பா நிறைந்திருந்தது. பிறகு ஒருநாள் அவளே அதைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டாள். அன்று நான் அழுதேன்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. குழந்தை வந்தபின்னும் இரண்டு ஆண்டுகள் பின்தொடர் அறிக்கை அனுப்ப வேண்டும். முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆக 6 அறிக்கைகள். ஐந்து சென்றுவிட்டன. அவளுக்குத் தன் கதை தெரியும். “நான் விமானத்தில் வந்தேன், சீவகன் மயிலில் வந்தான்” என்கிறாள். மயிலில் வந்தவள் விசயை, அப்போது அவன் இன்னும் பிறக்கவில்லை என்று திருத்தினால் ஏற்பதில்லை. தமிழாசிரியையின் பேத்தி, விட்டுக்கொடுப்பாளா?

அன்பர்களே, இவ்வளவும் சொன்னது நம் குடும்பங்களுக்காகவே. நம்மில் தத்தெடுக்க எண்ணுவோர் உண்டு. இந்தியாவில் வாழ்வோர்க்கும் கேரிங்ஸ் பதிவும் இல்ல ஆய்வும் உண்டு; விவரங்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். தெரிந்தவர் மூலம் ஏதேனும் ஒரு மருத்துவமனையிலிருந்து நேரே வாங்கிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் செவி சாய்க்காதீர்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்பதும் வாங்குவதும் 5 ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் தண்டமும் தரத்தக்க குற்றம். அதனினும் பெரிது, அப்படி வந்த குழந்தைக்காகக் கேள்வி கேட்க அங்கே ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

இல்ல ஆய்வுக்கு அஞ்சாதீர்கள். வீடு பெரிதா, பாத்திரம் பளபளக்கிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. உள்ளதை உள்ளவாறு சொல்லுங்கள். நோயிருந்தால் சொல்லுங்கள். மனத்தாங்கல் இருந்தால் சொல்லுங்கள். குறை இருப்பதாலேயே தகுதி போய்விடுவதில்லை; மறைப்பினால் போகும்.

என் வயதையொத்த பாட்டியரே, தாத்தாக்களே, நமக்கொரு வேண்டுகோள். பிள்ளைகள் இம்முடிவை எடுக்கும்போது, ‘யார் பெற்றதோ, எந்தக் குலமோ’ என்று தொடங்காதீர்கள். விழாவுக்கு அக்குழந்தையை அழைத்து வரும்போது, ‘இதுதான் அந்தப் பிள்ளையா?’ என்று அதன் காதுபடக் கிசுகிசுக்காதீர்கள். அதே நேரத்தில், வரவேற்கும் ஆர்வத்தில் உண்மையைப் போர்த்தி மூடவும் வேண்டா. அக்குழந்தை பின்னாளில் தன் வேரைத் தேடி வரவும் நம் நாட்டு விதிகளில் வழி உண்டு. அந்நாள் வரும்போது அவள் நம் கையைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும்; நமக்குத் தெரியாமல் தேடக் கூடாது.

கந்துக்கடனின் இல்லத்தை யாரும் ஆய்ந்ததில்லை. ஆய்ந்திருந்தால் அவ்வீடு தேறியிருக்கும் என்றே நம்புகிறேன். என் மகளின் வீடு முதல்முறை தேறியது. நான் தேற இரண்டாம் முறை வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு விழாவுக்கு என் பேத்தியை அழைத்து வருவேன். மயிற்பொறியில் வந்தது யார் என்பதை அவளிடமே நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.  எல்லா உயிரும் நலம் பெறுக.